கோழித்தீவனக் கிண்ணம்

ஹார்பின், மிசிசிப்பி
26 நவம்பர் 1989, ஞாயிறு

அன்புள்ள மெர்ல் அண்ணா,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, பல்கூடத் துலக்காமல், இரவு உடைக்கு மேல் ராய்ஸின் கோட்டை மாட்டிக்கொண்டு பெட்ரோல் நிலையத்துக்குக் காரை ஓட்டிப்போய் ஐந்து செய்தித்தாள் வாங்கி வந்தேன். ஐந்தும் ஒரே தாள். கடைக்காரர், "என்ன கோரின், வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கப்போறீங்களா? தரையில விரிக்கவா?" என்றார். ஒன்றை உங்களுக்காக இதனுடன் வைத்திருக்கிறேன். விளையாட்டுப் பக்கத்தின் அடியில் உங்கள் மருமகன் ஆர்லன் படம் இருக்கிறது, பாருங்கள்.

நீங்கள் ஆடிய 1961க்குப் பிறகு இப்போதுதான் டாலிசன் கல்லூரி ஃபுட்பால் அணியை, பருவ முடிவில் நல்ல அணிகளை மட்டும் அழைக்கிற கிண்ண ஆட்டத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். டிசம்பர் 28, போர்ட் லாவெல் கடற்கரை அரங்கம். பெயரைப் படித்துச் சிரிக்காதீர்கள். செலவை ஏற்றுக்கொள்வது பெட்டிஸ் தீவனக் கம்பெனி. அதனால் அது 'பெட்டிஸ் கோழித்தீவனக் கிண்ணம்'. நம் இரண்டு கொட்டகைக் கோழிகளும் தின்பது அவர்கள் தீவனம்தான். சர்ச்சில் பாதிரியார்கூட விடவில்லை. "ராய்ஸ், இத்தனை வருஷமா அந்தக் கிண்ணத்துல கோழிங்கதானே வாய வச்சுது, இப்ப உன் புள்ளையுமா?" என்றார். ராய்ஸுக்கு ஒரே பெருமை.

ஆர்லன் நன்றி நாளுக்கு வீட்டுக்கு வந்து போனான். எட்டு ஆட்டம் ஆடிய உடம்பு. நிறையத் தூங்கினான். சாப்பாட்டு மேசை விளக்கை அணைக்கச் சொன்னான், கண் கூசுகிறதாம். வான்கோழியை அரை இருட்டில் சாப்பிட்டோம். களைப்புதான்.

உங்கள் முதுகு எப்படி இருக்கிறது? அலாஸ்காக் குளிர் அதற்கு ஒத்துக்கொள்கிறதா? எழுதுங்கள்.

உங்கள் தங்கை,
கோரின்


கோடியாக், அலாஸ்கா
12 டிசம்பர் 1989

அன்புத் தங்கச்சிக்கு,

முதுகு இருக்கிறது, நானும் இருக்கிறேன். கடிதமும் தாளும் நேற்று விமானத்தில் வந்து சேர்ந்தன. தொழிற்சாலை முழுக்கக் காட்டிவிட்டேன். மீன் வெட்டுகிற மேசையில் வைத்ததில் ஆர்லன் முகத்தில் கொஞ்சம் செதில் ஒட்டிக்கொண்டது, பரவாயில்லை. என் அறைத்தோழர் டியோனிசியோ, பிலிப்பைன்ஸ்காரர். "ஃபுட்பாலா? காலால உதைக்காத ஆட்டத்துக்கு எதுக்குய்யா அந்தப் பேரு?" என்று முப்பதாவது முறையாகக் கேட்டார்.

கோழித்தீவனம் என்றால் என்ன, கிண்ணம் கிண்ணம்தான். எங்களுக்கு ஆளுக்கு ஒரு பெட்டி ஆரஞ்சு கொடுத்தார்கள். பஸ்ஸிலேயே தின்று தீர்த்து வழியெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தோம்.

இங்கே தொலைக்காட்சியில் அது வராது. அதனால் நீதான் என் கண். ஒன்றுவிடாமல் எழுது. பள்ளி நூலகத்தில் உட்கார்ந்து புத்தகத்துக்கு அட்டை போடுகிறவளுக்கு இதெல்லாம் எழுத வராதா என்ன?

நம் கொல்லையில் ஆர்லனுக்கு நான் கற்றுக்கொடுத்த வித்தை நினைவிருக்கிறதா? ஒன்பது வயது. வேலியில் மோதி விழுந்தான். "எத்தனை விரல்டா?"ன்னு காட்டினேன். "மூணு மாமா"ன்னான். "தப்பு. அடிபட்டா அணி டாக்டரு, அதான் டாக், வந்து விரலக் காட்டுவாரு. எல்லா டாக்கும் ரெண்டுதான் காட்டுவாங்க. கண்ணு தெரியுதோ தெரியலயோ, ரெண்டுன்னு சொல்லு. உடனே உள்ள விட்டுருவாங்க"ன்னேன். நீ சமையலறை ஜன்னலில் நின்று சிரித்தாய். பன்னிரண்டு வருஷம் நான் களத்தைவிட்டு வெளியே உட்காராததற்கு அந்த 'ரெண்டு'தான் காரணம்.

நம் நாய் பிஸ்கட் எப்படி இருக்கிறது? குளிரில் வெளியே விடாதே, உள்ளே படுக்க வை.

மெர்ல்


ஹார்பின்
31 டிசம்பர் 1989

அன்புள்ள அண்ணா,

ஜெயித்துவிட்டோம். 17–14. உங்கள் மருமகன்தான் ஆட்டநாயகன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் கடைசிப் பக்கத்துக்குத் தாவிவிடுவீர்கள்.

அரங்கம் பெரிய கிண்ணமேதான். பாதிக்கு மேல் காலி. நாங்கள் அதன் ஓரத்தில் ஒட்டிய பருக்கைகள் மாதிரி உட்கார்ந்திருந்தோம். கடல்காற்று. வீரர்களின் குடும்பத்துக்கு நம் அணி பெஞ்சுக்கு நேர் பின்னால் முதல் வரிசை. கம்பெனிக்காரர்கள் ஆளுக்கொரு மஞ்சள் தொப்பி கொடுத்தார்கள், உச்சியில் சிவப்புக் கொண்டையோடு. கோழி வேஷம் போட்ட ஒருவர் கோட்டோரமாக ஓடிக்கொண்டே இருந்தார். எதிர் அணிக்காரர்கள் ஃப்ளோரிடாவிலிருந்து வந்தவர்கள். நம் பையன்கள் களத்தில் இறங்கியதும் மொத்தமாக "கொக் கொக் கொக்" என்று கத்தினார்கள். ராய்ஸ் எழுந்து, "கத்துங்க, கத்துங்க! முட்டை வச்சுட்டுத்தான் வீட்டுக்குப் போவீங்க!" என்று பதிலுக்குக் கத்தினார். வேகவைத்த கடலைப் பை அவர் மடியிலிருந்து கொட்டிப் போயிற்று.

முதல் பாதி முடிவில் நாம் பின்தங்கியிருந்தோம். மூன்றாம் கட்டத்தில் அவர்கள் பந்தோட்டக்காரன் நடுவில் புகுந்து வந்தான். ஆர்லன் குறுக்கே பாய்ந்தான். இரண்டு தலைக்கவசமும் மோதிய சத்தம் எங்கள் வரிசைக்குக் கேட்டது, கோடாலி கட்டையில் இறங்குவது மாதிரி. அவன் எழுந்து, பேசாமல் நடந்து, எதிர் அணி பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டான்! அந்தப் பையன்களில் ஒருவன் தண்ணீர்கூடக் கொடுத்தான். அரங்கமே சிரித்தது. "ஏய் ஐம்பத்திநாலு, வேவு பாக்கவாடா போன?" என்று அவன் சட்டை எண்ணைச் சொல்லிக் கத்தினார் ராய்ஸ். டாக் ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தார். அவர் மருத்துவர் இல்லை என்று உங்களுக்குத் தெரியுமே. கட்டுப் போட்டுவிடுகிற பயிற்சி உதவியாளர், ஆனால் எல்லாருக்கும் டாக்தான்.

டாக் கேட்டார், இவன் 'ரெண்டு' என்றான், உள்ளே போனான். உங்கள் பாடம் வீண்போகவில்லை.

கடைசி நிமிடம். நம் எல்லைக் கோட்டுக்கு ஒரு கஜம் இருக்கும்போது அந்தப் பந்தோட்டக்காரனையே ஆர்லன் கட்டிப்பிடித்துத் தூக்கிப் பின்னால் போட்டான். முடிந்தது. பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத பெண்மணி என்னைக் கட்டிக்கொண்டு, "உங்க புள்ளையா? என்னம்மா போட்டு வளத்தீங்க?" என்றாள். "கோழி" என்றார் ராய்ஸ்.

ஒரு வெள்ளிக் கிண்ணம் கொடுத்தார்கள். கம்பெனி பெயர் பொறித்தது. சூப் ஊற்றிச் சாப்பிடுகிற அளவு. ஒரு கைக்கடிகாரம், ஒரு மஞ்சள் ஜாக்கெட். படம் எடுக்கும்போது, "நாமதான் நம்பர் ஒன்னுன்னு ஒரு விரலக் காட்டு, தம்பி" என்றார் புகைப்படக்காரர். இவன் இரண்டைக் காட்டினான். எல்லாரும் வெற்றிக்கு 'வி' காட்டுகிறான் என்று கைதட்டினார்கள்.

பிஸ்கட் போய் ஆறு வருஷம் ஆகிறது, அண்ணா. பீக்கன் மரத்தடியில் நீங்கள்தானே குழி தோண்டினீர்கள்? வேறு நாயை நினைத்து எழுதிவிட்டீர்கள் போலிருக்கிறது.

புது வருஷத்தில் உங்கள் உடம்பும் மனசும் நன்றாக இருக்கட்டும்.

கோரின்


கோடியாக்
19 ஜனவரி 1990

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே எல்லாம் சுகம். கதவு திறந்தால் பனி, மூடினால் மீன் நாற்றம்.

உன் கடிதத்தை ஆறு முறை படித்துவிட்டேன். எதிரி பெஞ்சில் போய் உட்கார்ந்தானா! டியோனிசியோவிடம் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "அந்தப் புள்ளைக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். ஆட்டம் தெரியாத ஆள்.

உனக்கு ஒரு ரகசியம் சொல்லட்டுமா? 1961 ஆட்டத்தின் இரண்டாம் பாதி எனக்கு நினைவே இல்லை. ஆரஞ்சு நினைவிருக்கிறது, பஸ் நினைவிருக்கிறது. நான் இரண்டு முறை பந்தைப் பறித்தது செய்தித்தாளில் படித்துத்தான் எனக்கே தெரியும். அதை வைத்துக்கொண்டு முப்பது வருஷமாக நேரில் பார்த்தவன் மாதிரி கதை சொல்லிக்கொண்டிருக்கிறேன். யார் கண்டுபிடித்தார்கள்?

படம் வந்தால் அனுப்பு. ராய்ஸிடம், "மச்சான், இனி உங்க கோழிங்க உங்களுக்கு எந்திரிச்சு நிக்கணும்" என்று சொன்னதாகச் சொல்.

பிஸ்கட்டைக் குளிரில் விடாதே.

மெர்ல்


ஹார்பின்
11 பிப்ரவரி 1990

அன்புள்ள அண்ணா,

நாங்கள் நன்றாக இருக்கிறோம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நானும் ராய்ஸும் நன்றாகத்தான் இருக்கிறோம்.

படம் அனுப்பச் சொன்னீர்கள். படம் தீவன மூட்டையில் வந்துவிட்டது. ஆமாம், ஐம்பது பவுண்டு மூட்டை. 'கிண்ண நாயகன் ஆர்லன் டாட்லாக்' என்று எழுதி, மஞ்சள் ஜாக்கெட்டும் இரண்டு விரலுமாக. மாவட்டம் முழுக்க ஒவ்வொரு தீவனக் கடையிலும் அடுக்கியிருக்கிறார்கள். ராய்ஸ் ஒரு காலிச் சாக்கைக் கொட்டகைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறார். உங்களுக்கு அனுப்ப இன்னொன்றைக் கழுவிக் காயப்போட்டிருக்கிறேன்.

போன வாரம் ஆர்லன் வந்தான். சர்ச்சுக்கு வரவில்லை. காலைமுழுக்க ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் படுத்திருந்தான். மதியம் அவனைக் கல்லூரியில் விடக் காரில் போகும்போது கேட்டான்.

"அம்மா, பரிசு வாங்குனப்ப நான் என்ன பேசினேன்?"

"கடவுளுக்கும் அப்பாவுக்கும் நன்றின்னே."

"உனக்கு?"

"எனக்குந்தான்."

"நல்லா பேசினேனா?"

"நல்லாத்தான் பேசின. ஏன்டா?"

"ஒன்னுமில்ல. வீடியோல அது வரல. ஆட்டத்தோட நிறுத்திட்டாங்க."

பத்து மைல் போனபிறகு, அந்த ஆட்டத்தில் தனக்கு நினைவிருப்பது முதல் பாதி மட்டும்தான் என்றான். கிறிஸ்துமஸுக்கு முந்தியே தலைவலி இருந்ததாம். இப்போது தினமும் இருக்கிறதாம். புத்தகத்தில் ஒரு பக்கம் முடிப்பதற்குள் முதல் வரி போய்விடுகிறதாம். "அப்பாகிட்ட சொல்லிடாத. நீ சொன்னா கோச்சுக்குப் போகும், அதோட முடிஞ்சுது. வர்ற வருஷந்தான் பெரிய அணிக்காரங்க ஆள் பாக்க வருவாங்க. இத விட்டா எனக்கு வேற என்னம்மா தெரியும்?" என்றான்.

இதோ என் மேசையில், அவன் அடுத்த வருஷம் ஆடுவதற்கான கல்லூரிப் படிவம் இருக்கிறது. இந்த மாநிலத்தில் இருபத்தொன்று ஆகும்வரை பெற்றவர் கையெழுத்து வேண்டும். அவனுக்கு அக்டோபரில்தான் இருபத்தொன்று. கேள்வி ஒன்பது: 'வீரருக்கு மயக்கம், நினைவு தவறுதல், தொடர்ந்த தலைவலி உண்டா?' ஒவ்வொரு வருஷமும் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நான். மே 15க்குள் போய்ச்சேர வேண்டும். 'ஆம்' என்று எழுதினால் அவனைக் களத்தில் இறக்க மாட்டார்கள்.

நீங்கள் ஆடியவர், பயிற்சி கொடுத்தவர். எனக்கு என்ன சொல்கிறீர்கள்?

உங்கள் உடம்பைப் பற்றி நீங்கள் எழுதுவதே இல்லை. இந்தத் தடவை எழுதுங்கள்.

கோரின்


கோடியாக்
1 மார்ச் 1990

அன்புத் தங்கச்சிக்கு,

நான் நலம். கை மட்டும் கொஞ்சம் நடுங்குகிறது, குளிர். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

கையெழுத்துப் போடு. தலைவலி யாருக்குத்தான் வராது? நான் பன்னிரண்டு வருஷம் ஆடினேன், எனக்கு என்ன ஆகிவிட்டது? பையனின் வாழ்க்கையை ஒரு பேனாவால் கெடுக்காதே.

எங்களுக்கு ஆளுக்கு ஒரு பெட்டி ஆரஞ்சு கொடுத்தார்கள். பஸ்ஸிலேயே தின்று தீர்த்து வழியெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தோம். என் அறைத்தோழர் டியோனிசியோ, பிலிப்பைன்ஸ்காரர். "ஃபுட்பாலா? காலால உதைக்காத ஆட்டத்துக்கு எதுக்குய்யா அந்தப் பேரு?" என்று முப்பதாவது முறையாகக் கேட்டார்.

ஆட்டம் எப்போது? ஒன்றுவிடாமல் எழுது. நீதான் என் கண்.

அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? படி ஏறவிடாதே.

மெர்ல்


ஹார்பின்
11 மார்ச் 1990

அன்புள்ள அண்ணா,

இதை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன்.

அம்மா போய் மூன்று வருஷம் ஆகிறது. 1987 பிப்ரவரி. அங்கே புயல், விமானம் பறக்கவில்லை, உங்களால் வர முடியவில்லை. நீங்கள் அனுப்பிய தந்தியை அவள் கையில் வைத்துத்தான் அடக்கம் செய்தோம். இதை நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்று நான் சொல்லவில்லை. பழைய கடிதம் எதையோ பார்த்து எழுதியிருப்பீர்கள். அப்படித்தானே?

அண்ணா, நதீன் அண்ணி உங்களைவிட்டுப் போனபோது என்னிடம் ஒன்று சொன்னாள். "கோரி, உங்கண்ணனுக்குக் கோபமில்ல. கார் சாவிய கையில வச்சுக்கிட்டே சாவி தேடுறாரு. கேட்டா கத்துறாரு. நான் எத்தன நாள் சாவி எடுத்துக் குடுத்துட்டிருக்கறது?" நான் அவளைத் திட்டி அனுப்பினேன். அதன்பிறகு பள்ளிக்கூடம் உங்களைப் பயிற்சியாளர் வேலையிலிருந்து எடுத்தபோது குடி என்றார்கள். நீங்கள் குடிப்பதை நான் பார்த்ததே இல்லை. அதைக்கூட நான் கேட்கவில்லை. அலாஸ்காவுக்கு டிக்கெட் எடுத்தபோது சாண்ட்விச் கட்டிக் கொடுத்து வழியனுப்பினேன்.

ஒரு மருத்துவரைப் போய்ப் பாருங்கள். முதுகுக்கென்று சொல்லிக்கொண்டு போங்கள்.

ஆட்டத்தைப் பற்றிச் சொன்னதில் ஒன்றை விட்டுவிட்டேன். விட்டது மறதியால் அல்ல. இன்னொரு நாள் எழுதுகிறேன். இன்று கை வரவில்லை.

கோரின்


ஹார்பின்
15 ஏப்ரல் 1990, ஈஸ்டர்

அன்புள்ள அண்ணா,

ஐந்து வாரமாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை. கோபமா? கோபமென்றால் அதையாவது எழுதுங்கள். தினமும் பெட்டியைத் திறந்து பார்க்கிறேன். தபால்காரர் என்னைக் கண்டால் தூரத்திலிருந்தே கையை விரிக்கிறார்.

படிவம் இன்னும் மேசையில்தான் இருக்கிறது. ராய்ஸ் தினமும் அதன்மேல் காப்பிக் கோப்பையை வைக்கிறார். "போட்டு அனுப்பேன் கோரின், எத்தன நாள் பாத்துட்டிருப்ப? தலைவலிக்கு மாத்திர இருக்கு" என்றார் நேற்று. அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "எம்புள்ள முகம் எனக்குத் தெரியாதா?" என்றார். பிறகு எழுந்து கொட்டகைக்குப் போய்விட்டார், சாப்பிடாமல்.

சாக்கு வந்து சேர்ந்ததா? நல்லபடியாக இருக்கிறீர்களா? அது ஒன்றை எழுதினால் போதும்.

கோரின்


கோடியாக்
24 ஏப்ரல் 1990

மதிப்புக்குரிய சகோதரி கோரின் அவர்களுக்கு,

உங்களுக்கு என்னைத் தெரியாது. நான் டியோனிசியோ. உங்கள் அண்ணனோடு ஒரே அறையில் ஐந்து வருஷம். நீங்கள் எல்லாரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். என் எழுத்தில் பிழை இருந்தால் மன்னிக்கவும்.

மெர்ல் உயிரோடு இருக்கிறார், பயப்படாதீர்கள். மார்ச் கடைசியில் பனியில் படகுத்துறையிலிருந்து அறைக்கு வருகிற வழி அவருக்குத் தெரியாமல் போய்விட்டது. இருநூறு அடி தூரம்தான். இரண்டு மணி நேரம் தேடி வலைக் குவியல்களுக்கு நடுவில் கண்டுபிடித்தோம். இரண்டு கால் விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. இப்போது மருத்துவமனையில் இருக்கிறார். முகம் தெளிவாக இருக்கிறது. நர்ஸுகளுக்கு ஆரஞ்சுக் கதை சொல்கிறார்.

முன்பே உங்களுக்கு எழுதியிருக்க வேண்டும். "எந்தங்கச்சிக்கு எழுதினே, உன்ன கொன்னுடுவேன்" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். அவர் கட்டிலுக்கு மேல் சுவரில் பெயர்களை எழுதி வைத்திருக்கிறார். உங்கள் பெயர், உங்கள் மகனின் பெயர், என் பெயர். என் பெயருக்குப் பக்கத்தில் 'நல்லவர்' என்று எழுதியிருக்கிறார். உங்கள் கடிதங்களைத் தலையணைக்கு அடியில் வைத்திருப்பார். சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் ஒவ்வொன்றாகப் படிப்பார், அன்றைக்குத்தான் வந்தது மாதிரி. "டியோ, ஜெயிச்சுட்டாங்கய்யா!" என்று தினமும் எனக்குச் சொல்வார். நானும் தினமும் "அப்படியா!" என்பேன்.

அம்மா இறந்ததை நீங்கள் எழுதிய கடிதத்தை மட்டும் நான் எடுத்து ஒளித்துவிட்டேன். ஒவ்வொரு சாயங்காலமும் அவர் அந்தச் செய்தியைப் புதிதாகக் கேட்டு அழுதார். நான் செய்தது தப்பென்றால் மன்னியுங்கள்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அவரைத் தூக்கி வந்த அன்று எங்கள் மேஸ்திரி, "மெர்ல், இன்னிக்கு என்ன கெழம?" என்று கேட்டார். அவர் "ரெண்டு" என்றார். "இது எந்த ஊரு?" என்றோம். "ரெண்டு." மருத்துவமனையில் பெயர் கேட்டார்கள். அதற்கும் "ரெண்டு" என்று சொல்லிவிட்டு, எழுந்து வெளியே போகப் பார்த்தார். மருத்துவருக்குப் புரியவில்லை. இதற்கு ஏதாவது அர்த்தம் உண்டா? உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன்.

மரியாதையுடன்,
டியோனிசியோ


ஹார்பின்
6 மே 1990, ஞாயிறு

அன்புள்ள அண்ணா,

அம்மாவின் முழங்கால் இப்போது வலிப்பதே இல்லை. பிஸ்கட் உள்ளேதான் படுக்கிறது. நாங்கள் எல்லாரும் உங்களையே நினைத்துக்கொண்டிருக்கிறோம். டியோனிசியோவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். பள்ளிக்கூடம் மூடியதும் ஜூனில் நானே வந்து உங்களை அழைத்துக்கொண்டு வருவேன் என்று அதில் இருக்கிறது. ராய்ஸிடம் அதைச் சொன்னேன். "மச்சானுக்கு மாடி வேணாம், கீழ் அறைய ஒழிச்சுத் தரேன்" என்றார். நேற்றே கட்டிலை இறக்கிவிட்டார்.

இனி நான் எழுதாமல் விட்டது.

எங்கள் இருக்கை பெஞ்சுக்கு நேர் பின்னால் என்று எழுதினேன் அல்லவா? எட்டடிதான் இருக்கும். டாக் ஆர்லனை இழுத்து வந்து உட்கார வைத்தார். அவர் ஒரு கையில் ஐஸ் பை, மறு கை அவன் சட்டையில். விரல் எதையும் அவர் காட்டவில்லை. "தம்பி, நாம எந்த ஊர்ல இருக்கோம், சொல்லு" என்று கேட்டார். ஆர்லன் அவர் முகத்தைப் பார்த்தான். தேர்வில் தெரிந்த கேள்வி வந்த பையனைப் போல அவன் முகம் மலர்ந்தது. "ரெண்டு" என்றான்.

டாக் சிரித்தார். "ஊரக் கேட்டா எண்ணிக்கை சொல்றான்!" என்றார். கோச் திரும்பி, "ஐம்பத்திநாலு நல்லாருக்கானா?" என்று கத்தினார். டாக் ஒரு விநாடி என் பக்கம் பார்த்தார். அம்மா என்று அவருக்குத் தெரியும். நான் என்ன சொல்கிறேன் என்றுதான் பார்த்தார், அண்ணா. எழுந்து 'வேண்டாம்' என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நான் எழுந்தேன். எழுந்து கைதட்டினேன். சுற்றிலும் எல்லாரும் தட்டிக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் தொப்பி தலையில் இருந்தது. அவன் உள்ளே போனான்.

அதன்பிறகு அந்த ஆட்டத்தில் அவன் எத்தனை பேர்மேல் மோதினான் என்று எனக்குத் தெரியும். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பதினொரு பேர்.

நீங்கள் கற்றுக்கொடுத்ததால்தான் என்று உங்கள்மேல் பழி போடவில்லை. ஜன்னலில் நின்று சிரித்தவள் நான். உங்களுக்கு அதை யார் கற்றுக்கொடுத்தார்களோ, அன்றும் ஒரு ஜன்னலில் அம்மா நின்றிருப்பாள்.

வெள்ளிக்கிழமை ஆர்லன் வந்திருந்தான். முற்றத்தில் உட்கார்ந்து மக்காச்சோளம் உரித்துக்கொண்டிருந்தோம். நான் பேச்சுவாக்கில், "இன்னிக்கு என்னடா தேதி?" என்றேன். அவன் உடனே சொல்லவில்லை. என்னைப் பார்த்தான். வாய் லேசாகத் திறந்தது. என்ன வரப்போகிறதோ என்று என் கையிலிருந்த கதிர் நழுவிவிட்டது. "நாலு. மே நாலு. என்னம்மா இப்படிப் பாக்கற?" என்றான். சரியாகத்தான் சொன்னான். நான் குனிந்து கதிரைத் தேடி எடுத்தேன்.

அவன் என்னை மன்னிக்க மாட்டான். மூட்டையிலிருக்கிற படத்தை அவன் அப்பா சுவரிலிருந்து கழற்ற வேண்டியிருக்கும், கடைத்தெருவில் ஆளுக்கொரு கேள்வி கேட்பார்கள், "அம்மாதான் கெடுத்தா" என்பார்கள். இத விட்டா எனக்கு வேற என்னம்மா தெரியும் என்று அவன் கேட்டதற்கு என்னிடம் இன்றும் பதில் இல்லை. ஆனால் இருநூறு அடி தூரத்தில் வழி தெரியாமல் அவன் பனியில் நிற்பதையும், யாரோ ஒரு நல்லவரின் பெயரை அவன் சுவரில் எழுதி வைத்துக்கொள்வதையும் என்னால் பார்க்க முடியாது.

இன்று காலை ராய்ஸ் கொட்டகைக்குப் போனதும் படிவத்தை எடுத்தேன். காப்பிக் கறை வட்டம் வட்டமாக இருந்தது. கேள்வி ஒன்பதுக்கு எதிரே 'ஆம்' என்று மையால் எழுதி, கீழே இடம் போதாமல் பின்பக்கத்தில் எட்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நாளை பள்ளிக்கு விடுப்பு. பல் வலி என்று சொல்லியிருக்கிறேன். டாலிசனுக்கு இரண்டு மணி நேரம். அதைத் தபாலில் அனுப்பப்போவதில்லை. டாக்கும் கோச்சும் இருக்கிற அறைக்குப் போய், அன்று டாக் என்ன கேட்டார், என் மகன் என்ன சொன்னான், நான் எழுந்து என்ன செய்தேன் என்று மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் அதைக் கொடுப்பேன்.

ராய்ஸ் இப்போது உள்ளே வருகிற சத்தம் கேட்கிறது. காலணியைத் தட்டுகிறார். படிவம் கைப்பையில் இருக்கிறது, கார் சாவியும் அதிலேயே. இந்தக் கடிதத்தையும் மடித்து அதிலேயே வைத்துக்கொள்கிறேன். நாளை திரும்பி வருகிற வழியில்தான் பெட்டியில் போடுவேன்.

உங்கள் தங்கை,
கோரின்